ஒழுங்கு குலையும் கலங்கள்

மேலணி இழையத்தைப் பற்றி உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மார்பகத்தின் பாற்குழாய்களும் அவ்விழையத்தால் ஆனவையே. நடுவில் பால் செல்லும் வெற்றிடம். அதைச் சுற்றி ஒரு படைக் கலங்கள். அதற்கு வெளியே சுருங்கி விரியும் இன்னொரு படை. எல்லாவற்றையும் சூழ்ந்து அடித்தள மென்சவ்வு.

எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என்ற சமிக்ஞையைக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதங்கள் உள்ளே கொண்டு செல்கின்றன. அவற்றுள் ஒன்று ஹெர்-2. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்புரதம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது.

அமெரிக்காவில் செந்தில் முத்துசாமி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மார்பகக் கலங்களைக் கூழ் போன்ற ஊடகத்தில் வளர்த்தபோது அவை உள்ளே வெற்றிடமுள்ள சிறு உருண்டைகளாக அமைந்து, பிரிவதை நிறுத்தின. பின்னர் ஹெர்-2ஐத் தூண்டியதும் மீண்டும் பிரிந்து அவ்வெற்றிடத்தை நிரப்பின. ஆனால் உருண்டைக்கு வெளியே பரவவில்லை. 2006இல் மற்றொன்றையும் கண்டறிந்தனர். கலத்துக்கு மேல், கீழ் என்ற முனைவைக் கொடுக்கும் புரதங்களோடு ஹெர்-2 இணைந்தே அமைப்பைக் குலைக்கிறது. அந்த இணைப்பின் தொழிலைத் தடுத்தால், கலங்கள் பெருகினாலும் அமைப்பு குலைவதில்லை. ஆகவே பெருகுவது வேறு, ஒழுங்கு குலைவது வேறு.

நமது தேயிலைச் சரிவுகளில் மண்ணைத் தாங்கும் கற்சுவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே மண் குலைந்தாலும் சுவர் நிற்கும்வரை ஆபத்து அயலுக்குப் போகாது. புற்றுநோயின் ஆரம்ப நிலையில் அடித்தள மென்சவ்வே அந்தச் சுவர். அது உடையுமுன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முற்றாகக் குணப்படுத்தலாம்.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லையே என்று ஒருவர் இருந்துவிடுகிறார். வெட்கத்தால் ஒருவர் மறைக்கிறார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று தோட்டத்துத் தாய் தள்ளிப்போடுகிறார்.

மாணவியரே, இன்று வீட்டுக்குப் போனதும் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை தானே பார்த்துக்கொள்ளட்டும். கட்டி, தோற்சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு எது தென்பட்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டட்டும். கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சோதித்தே அறிய வேண்டும். 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் இப்பரிசோதனை இலவசம். தந்தையரே, அன்றைய வீட்டு வேலையை நீங்கள் ஏற்று, அவர்களை அனுப்பிவையுங்கள்.