டேஷ்போர்டில் 0, 1, 2, 3

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு குட்டித் திருகு இருக்கும், கூடவே ஹெட்லைட் படம். அதை எப்பவாவது தொட்டிருக்கீங்களா? லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகியும் நான் தொட்டதில்லை. அது ஏசிக்கானது இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

போன லீவில் பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு எங்க வீட்டு காரில் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். ஐந்து பேர். டிக்கி நிறைய பேக், மேலே இரண்டு டின் பலகாரம். எதிரில் வருகிற வண்டியெல்லாம் எங்களைப் பார்த்து லைட் அடிக்குது. "பிரைட்ல போட்டிருக்கியாடா?" என்று பின்னாலிருந்து கேட்டான் ஒருத்தன். பார்த்தேன், டிம்தான். நாம சரியாத்தானே போறோம் என்று எனக்குக் கோபம். அடுத்து வந்த லாரி பிரைட் போட்டதும் நானும் பதிலுக்குப் போட்டேன்.

லாரி கடந்து போனதும் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தெரிந்தது ஒரு சைக்கிள். ஒரு பெரியவர் அதைத் தள்ளிக்கொண்டு வலதிலிருந்து இடதுக்கு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக் மேல் ஏறி நின்றேன். வண்டி நின்றபோது அவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும்.

ஒரத்தநாட்டில் டீக்கடையில் நின்றபோது ஒரு லாரி டிரைவர் எங்க காரைச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, பின்னாடி லோடு இருக்கு, மூக்கு மேல நிக்குது. டிம்மே எங்க கண்ணுல அடிக்குது. லைட்டை எறக்கிக்கங்க" என்றார். எப்படி இறக்குவது என்று நான் முழித்ததும், கதவைத் திறந்து அந்தத் திருகைக் காட்டினார். அஞ்சு இன்ஜினியரிங் பசங்க நின்று வேடிக்கை பார்த்தோம்.

ஹாஸ்டல் வந்து கணக்குப் போட்டேன். எட்டாம் வகுப்புக் கணக்குதான். டிம் வெளிச்சத்துக்கு மேலே ஒரு வெட்டுக்கோடு உண்டு. சுவரில் அடித்துப் பார்த்தால் தெரியும்: கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே கிட்டத்தட்ட இருட்டு. இந்தக் கோடு பொதுவாக 1% சரிவில் இறங்கும், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. விளக்கு தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், கோடு 70 மீட்டரில் ரோட்டைத் தொடும். 50 மீட்டரில் அதன் உயரம் 20 செ.மீ.

இப்போ பின்பக்கம் லோடு. வீல்பேஸ் 2.5 மீட்டர், பின்பக்கம் மட்டும் 5 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5/250, அதாவது 2% மேல்நோக்கிச் சாய்வு. கீழே 1% இறங்க வேண்டிய கோடு, மேலே 1% ஏறுகிறது. 50 மீட்டரில் உயரம் 20 செ.மீ. இல்லை, 120 செ.மீ. எதிரே வரும் கார்க்காரரின் கண் சுமார் அந்த உயரத்தில்தான் இருக்கும். 130 மீட்டரில் 2 மீட்டருக்குப் போய்விடும், அது லாரிக்காரருக்கு. அமுங்கியது வெறும் 5 செ.மீ.தான்!

"அப்போ நமக்கு நல்லாத் தெரியுமே" என்று தோன்றும். தெரியும், எதிரில் யாரும் வராத வரைக்கும். வந்தால் அவர் கண் கூசும், அவர் பிரைட் போடுவார், நம்ம கண் கூசும். நடுவில் இருக்கிற சைக்கிள் ரெண்டு பேருக்குமே தெரியாது. கூச்சம் என்பது கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி ஒரு வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆவது. கறுப்புச் சட்டைக்கும் கறுப்பு ரோட்டுக்கும் இருக்கிற கொஞ்ச வித்தியாசமும் அந்தத் திரையில் மறைந்துவிடும். விளக்கு போன பிறகும் கண் பழையபடி ஆக சில விநாடி பிடிக்கும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். மூன்று விநாடி என்றால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதனால்தான் எதிர் விளக்கைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்கிறார்கள்.

லைட் சரியாக இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. ஆபத்தை உணர்ந்து பிரேக் மிதிக்க 1.5 விநாடி, காய்ந்த ரோட்டில் உராய்வுக் கெழு 0.7 என்று எடுங்கள். 80-ல் மிதிக்கும் முன்பே 33 மீட்டர் போயிடும், பிறகு நிற்க 35. மொத்தம் 68. டிம் கோடு ரோட்டைத் தொடுவது 70-ல். பரவாயில்லையே என்று நினைக்காதீங்க. அந்த 70-ல் வெளிச்சம் படுவது ஒருவரின் செருப்பில். 30 மீட்டரில்கூட முழங்கால் வரைதான். இடது ஓரத்தில் மட்டும் கோடு மேலே ஏறும், நடந்து போகிறவர்களும் போர்டுகளும் தெரிவதற்காக. அந்தப் பெரியவர் வந்தது வலதுபக்கத்திலிருந்து. 60-ல் போனால் மொத்தம் 45 மீட்டரில் நின்றுவிடலாம். டிம்மில் ஓட்டும்போது வேகத்தை அந்த அளவில் வைப்பதுதான் என் இப்போதைய கணக்கு. எதிரில் யாரும் இல்லையா, தாராளமாக பிரைட் போடுங்க. அது அதற்காகத்தான் இருக்கு.

"பவர் கம்மி, பல்பை மாத்திடலாம்" என்று நம்ம செட்டில் ஒரு கூட்டம் உண்டு. சாதாரண எச்4 பல்பில் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் தடுப்பது அதுதான். வெட்டுக்கோடே அதனால்தான் வருகிறது. இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கோடு கலைந்துவிடும். அந்த இடத்தில் ஏதோ ஒரு எல்இடியைச் செருகினால் பக்கத்து ரோடு பளபளக்கும், மரக்கிளை தெரியும், எதிராளி திட்டுவார். 100 வாட் ஹாலோஜன் போட்டால் கரண்ட் 4.6 ஆம்பியரிலிருந்து 8.3 ஆகும். I²R போட்டுப் பாருங்க, வயரில் சூடு மூன்று மடங்குக்கு மேல். பல்புக்குச் செலவழிப்பதற்கு முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்துப் பாருங்கள், பாதி கூச்சம் அங்கேதான் இருக்கும்.

இந்த வாரம் செய்யலாம்: சமதளம், ஒரு சுவர், ஒரு டேப். டயரில் காற்று சரியா இருக்கணும், டிரைவர் சீட்டில் ஒருத்தர், திருகு 0-ல். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்துவிட்டு 10 மீட்டர் பின்னால் வந்து டிம் போடுங்க. கோடு குறியிலிருந்து சுமார் 10 செ.மீ. கீழே விழணும். சில வண்டிகளில் 1% இல்லாமல் வேறு அளவு இருக்கும், பானெட் பக்கம் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். பிறகு பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றுங்க. கோடு ஏறுவது கண்ணுக்கே தெரியும். திருகைத் திருப்பி இறக்கிப் பாருங்க.

ஊர் போய் லக்கேஜை இறக்கியதும் திருகை மறுபடி 0-க்குக் கொண்டுவரணும். நான் ஒரு தடவை மறந்துவிட்டேன். எவ்வளவு இறங்கும் என்பது காருக்குக் கார் மாறும். கூடுதலாக 2% இறங்கினால் மொத்தம் 3%. 0.7-ஐ 0.03-ஆல் வகுங்க: 23 மீட்டர்.