போதும் என்று சொல்லத் தெரிந்த சார்ஜர்

தம்பி, ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துப் புனேயின் கோர்படிக்குத் திரும்பினால் கார் 'டிக் டிக்' என்பதோடு நின்றுவிடுகிறது என்றாயே, எனக்கும் அதே பாடு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் சாதா சார்ஜரில் இரண்டு ராத்திரி போட்டுவைத்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகளின் தலை வெளியே தெரிகிறது. அந்த பேட்டரி அப்புறம் தேறவில்லை.

நல்ல சார்ஜரை நீயே செய்துகொள். பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட், 90 வாட், போதும். புத்வார் பேட்டையில், வோல்ட்டை இறக்கித் தரும் எக்ஸ்எல்4015 மாடியூல் கேள். வோல்ட்டுக்கு ஒரு திருகு, ஆம்பியருக்கு ஒரு திருகு உள்ளதாகப் பார்த்து வாங்கு. 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு. ஹீட் சிங்க்கும் சின்ன ஃபேனும் கட்டாயம். பேட்டரி பக்கம் ஒரு ஃபியூஸ், ஒரு ஷாட்கி டையோடு போடு. கரண்ட் போனால் பேட்டரி மாடியூலுக்குள் திரும்பப் பாயக் கூடாது.

சூட்சுமம் இனிமேல்தான். 14.4 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். அங்கே நின்று, உள்ளே போகும் கரண்ட் 1 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் 13.6-க்கு இறங்கிவிட வேண்டும். சாதா சார்ஜருக்கு இந்த இறக்கம் தெரியாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அர்டுயினோ நானோ, ஒரு கரண்ட் சென்சார், ஒரு ரிலே இருந்தால் அந்த வேலை தானாக நடக்கும்.

பேட்டரியில் மாட்டும் முன் பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி, டையோடுக்கு அப்பால் மல்டிமீட்டர் வைத்து 14.4, 13.6 என்ற இரண்டு அளவையும் சரிசெய். டையோடு அரை வோல்ட் தின்னும், வெறும் மாடியூலை அளந்தால் ஏமாந்துபோவாய். இந்த 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஒரு டிகிரி ஏறினால் சுமார் 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். புனே ஏப்ரல் மதியம் 40 டிகிரி என்றால் 14 வோல்ட்டே போதும். டிசம்பர் ராத்திரிக் குளிரில் 14.7 கேட்கும்.

கிளிப்பை மாட்டவோ கழற்றவோ முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிடு. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். ஒரு பொறி போதும், வெடிக்கும். பூட்டிய ஷெட்டுக்குள் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவை.

சார்ஜரைக் கழற்றி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அள. 12.6 இருந்தால் நிறைந்தது. 10.5-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் ஒரு செல் செத்துவிட்டது, எந்த சார்ஜரும் அதை எழுப்பாது. முதல் தடவை மட்டும் பக்கத்திலேயே இரு தம்பி, மணிக்கொரு தரம் பேட்டரியைத் தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைத்துவிடு.