சமையற்கலை மாணவர் எதை உண்கிறார்?



சமையற்கலை பயிலும் மாணவர் நாள்தோறும் விருந்துண்டு மகிழ்வார் என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் சிங்கப்பூர் சென்று, ஆங் மோ கியோவில் தங்கி அக்கலையைப் பயிலும் நம் பள்ளிப் பழைய மாணவர் ஒருவரைக் கண்ட பின்னரே உண்மை விளங்கிற்று.

ஆங் மோ கியோ நமக்கு முற்றிலும் அயலான ஊரன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1973ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே அடுக்குமாடி வீடுகளை எழுப்பலாயிற்று. 1992இல் தொடங்கப்பெற்ற நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி அவ்வூரில்தான் உள்ளது. உணவு, பானத் தொழில் அங்கே ஒரு பட்டயப் படிப்பாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அதற்கும் முன்னரே, 1983இல், சிங்கப்பூர் விடுதியாளர் சங்கம் ஷாடெக் என்னும் பயிற்சிக் கழகத்தை நிறுவியது. அடுப்படி வேலைக்கும் ஒரு படிப்பா என்று கேட்போர்க்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறோம். நம் மாணவரின் தந்தையாரும் அவ்வாறு கேட்டவர்தாம். மகன் சேர்ந்த நாள்முதல் மூன்று திங்கள் அவரோடு பேசவில்லை.

இனி அம்மாணவர் உண்ணும் முறையைக் காண்போம். காலையில் உணவங்காடியில் ஒரு தோசை, ஒரு கோப்பி, அவ்வளவே பசியாறல். பின்னர்ப் பயிற்சிக் கூடம். அங்கே நண்பகல் வரை அவர் உண்பதெல்லாம் கரண்டிக் கணக்கில்தான். குழம்பு கொதிக்கும்போது ஒரு துளி, உப்பிட்ட பின் ஒரு துளி, இறக்குமுன் ஒரு துளி. வாயில் வைத்த கரண்டி மீண்டும் சட்டிக்குள் செல்லாது; ஒவ்வொரு முறையும் வேறு கரண்டி எடுக்க வேண்டும். கோழி வெந்ததா என்பதை நிறம் பார்த்துச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். தடித்த பகுதியின் நடுவில் வெப்பமானியைச் செருகி 75 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் என்பதும் அவர்தம் அன்றாடப் பாடம். விடியுமுன் ஆக்கிய சோற்றையும் குழம்பையும் தூக்குச்சட்டியிலிட்டு உச்சிவெயில் வரை வைத்துண்ணும் தாய்மார் இதனைச் சற்றே கருதவேண்டும்.

நண்பகல் கடந்தபின் தாங்கள் சமைத்ததையே ஒருவர்க்கொருவர் பரிமாறி உண்பர். அதுவே மிகக் கடினமான பாடம் என்றார் மாணவர். ஒருநாள் அவர் வடித்த சோறு குழைந்துவிட்டது. உடன் பயில்வோர் ஒன்றும் கூறாமல் உண்டு எழுந்தனர். ஆசிரியர் கடிந்திருந்தால்கூட அத்துணை வருத்தம் இருந்திராது என்று அவர் கூறியபோது நமக்கே நெஞ்சு கனத்தது.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். அது சமைக்கப்பெறும் நாளில் மணத்தையும் மென்மையையும் மட்டுமே தாம் தேர்ந்து, சுவை பார்ப்பதைச் சீனத் தோழர் ஒருவரிடம் விட்டுவிடுவார். சாம்பார் கொதிக்கும் நாளில் பெருங்காயம் போதுமா என்று அத்தோழர் இவரைக் கேட்பார். ஆசிரியரும் இதனை அறிவார், தடுப்பதில்லை.

வயிறார உண்பது மாலையில் உணவங்காடியில்தான். 2020இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம். மலாய், சீன, இந்திய உணவுகள் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கின்றன. நாம் சென்ற மாலை அவர் மீன்தலைக் கறி வாங்கித் தந்தார். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பார் 1949ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரில் அதனை முதன்முதல் விற்றார் என்பர். மீன்தலையை விரும்பியுண்ணும் சீனர்க்காக அதனை நம்மவர் மசாலாவில் இட்டுச் சமைத்தாராம். அக்கறியை ஒரு வாய் உண்டதும் மாணவர், “புளி குறைவு ஐயா, எங்கள் அம்மா இதனினும் நன்றாகச் செய்வார்” என்றார். பிறகு தம் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார்.

அத்தாயாரின் மீன்குழம்பை அளவோடு எழுதிவைக்க அவர் விரும்பியிருக்கிறார். தொலைபேசியில் கேட்டதற்கு, “எலுமிச்சையளவு புளி போடு தம்பி” என்றாராம் தாயார். “எந்த எலுமிச்சை அம்மா? பெரியதா, கஸ்தூரி எலுமிச்சையா?” என்று இவர் கேட்க, “கைக்குத் தெரியும்” என்று விடை வந்ததாம். தீபாவளி விடுமுறைக்கு வீடு திரும்பியபோது சிறு தராசொன்றைக் கொண்டுவந்தார். தாயார் பிய்த்தெடுத்த புளியைக் குழம்புக்குப் போகுமுன் மூன்று நாள் நிறுத்துப் பார்த்தார். 35 கிராமுக்குக் குறையவுமில்லை. 38 கிராமுக்கு மிகவுமில்லை. இப்படியொரு கை கல்லூரியில் எவர்க்கும் இல்லை என்று அவர் வியந்தார்.

மூன்றாம் நாள் தந்தையார் அடுப்படி வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு பால் வெட்டியவர்; நாள்தோறும் தாம் சுமந்த பாலை நிறுத்துக் கொடுத்தவர். “பாலை நிறுப்பதுபோல் புளியையும் நிறுக்கிறாயா? தராசை மட்டமாக வை, சாய்ந்திருக்கிறது” என்றாராம். மூன்று திங்களுக்குப் பின் மகனோடு அவர் பேசிய முதற்பேச்சு அது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பயிற்சி: பள்ளியில் இரண்டு சிறு தராசுகள் உள்ளன. வெள்ளிக்கிழமைகளில் முறைவைத்து வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். உங்கள் இல்லத்தில் ஒரு குழம்புக்கு இடும் புளி, உப்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தாயார் கையிலிருந்தே நிறுத்து, மூன்று நாள் அளவுகளைக் கணித ஏட்டில் எழுதிச் சராசரி காண்க. தராசைத் துடைத்துத் திருப்பித் தருக.