உதிரும் கூந்தலும் உதிராத அறமும்



தலைமுடி உதிர்தலை நம்மில் பலர் சிறிய துன்பம் என்றே கருதுகின்றோம். நோயினால் கூந்தல் முழுவதையும் இழந்த ஒருவரை அருகிருந்து கண்டவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள்.

நம் பகுதி ஜினாலயம் ஒன்றில் நடைபெற்ற விழாவில் நாம் கண்ட காட்சி இது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த சகோதரி ஒருவர், முந்தானையால் தலையை இறுக மூடிக்கொண்டு, கடைசித் தூணோரமாக அமர்ந்திருந்தார். பூத்தட்டு வந்தபோது பெண்கள் அனைவரும் ஆளுக்கொரு சரம் எடுத்துச் சூடினர். அவரோ தட்டை வாங்கி, அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், "உடம்பே நிலையில்லாதது அம்மா! போயும் போயும் முடிக்காக வருந்தலாமா? நம் முனிவர்கள் தாங்களே பிடுங்கி எறிந்துவிடுகிறார்களே!" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். சகோதரி மறுமொழி கூறவில்லை. அதன்பின் இரண்டு திங்கள் அவர் ஆலயத்துக்கு வரவும் இல்லை.

மூதாட்டி கூறிய கருத்து ஆகமத்துக்கு மாறானதன்று. அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

துறந்த கேசமும் இழந்த கேசமும்

திகம்பர முனிவர்க்குரிய 28 மூலகுணங்களுள் கேசலோசமும் ஒன்று. இரண்டு திங்களில் செய்வது உத்தமம், மூன்று திங்களில் செய்வது மத்திமம், நான்கு திங்களில் செய்வது ஜகன்யம் என்பர். கத்தி முதலிய பொருள்களை வைத்துக்கொள்ளாமை, பிறரிடம் சென்று இரவாமை, முடியில் தோன்றும் சிற்றுயிர்கள் மடியாமல் காத்தல், உடற்பற்று ஒழித்தல் ஆகியவை அதன் பயன்கள். ஆதிபகவன் தீட்சை ஏற்றபோது ஐந்து பிடிகளில் கேசத்தைக் களைந்தார் என்பது நாம் அறிந்ததே. இவையெல்லாம் உள்ளம் பக்குவப்பட்டவர்கள் தாமே விரும்பி மேற்கொண்ட செயல்கள்.

இனி, சந்தனையின் வரலாற்றை நினைவு கூர்வோம். கௌசாம்பி நகரில் வணிகன் மனைவியின் பொறாமைக்கு ஆளாகி, தலை மழிக்கப்பட்டு, விலங்கிடப்பட்டுக் கிடந்தவள் அவள். வர்த்தமான சுவாமி அவள் கையால் ஆகாரம் ஏற்று அவள் துயரைத் தீர்த்தருளினார். பின்னர் அவளே துறவு பூண்டு, தானே கேசத்தைக் களைந்து, 36,000 ஆரியிகைகளுக்குத் தலைவியானாள்.

ஒரே தலை இருமுறை கேசம் இழந்தது. முதல்முறை அது கொடுமை. இரண்டாம் முறை அது தவம். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு அவளுடைய விருப்பம் ஒன்றே. நோயால் முடி இழந்தவர், சந்தனையின் முதல் நிலையில் இருப்பவர். அவரிடம் சென்று முனிவரின் லோசத்தை எடுத்துக்காட்டுவது, பொருளைக் களவு கொடுத்தவனிடம் அபரிக்கிரகத்தைப் போதிப்பது போன்றதாகும். நிலையாமை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய பாவனை. துயருற்றவர்மீது எறிவதற்குரிய சொல் அன்று அது.

முடி உதிர்வது ஏன்?

மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. திங்களுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அளவு முடி வளர்கிறது. கடும் காய்ச்சல், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, விரைவான உடல் மெலிவு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று திங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. நெடிய உபவாசங்களை மேற்கொள்வோரும் இதனை அறிந்திருத்தல் நலம். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில திங்களில் தானே சீராகிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாகலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

'புழுவெட்டு' எனப்படுவது புழுவால் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றலே முடியின் வேர்ப்பகுதியைத் தாக்குவதால் உண்டாவது. அது தொற்றுநோயும் அன்று. கடுமையான புழுவெட்டுக்குப் பாரிசிடினிப் என்னும் மாத்திரைக்கு 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் அளித்தது. பக்கவிளைவுகள் உண்டாதலின் அதனைத் தோல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். முட்டை, சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தலையில் தேய்க்குமாறு அக்கம் பக்கத்தார் கூறுவர். நம் விரதத்துக்கு ஒவ்வாத அவற்றை நாடுவதைவிட மருத்துவரை நாடுவதே தக்கது.

புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. முடியின் வேர்ச்செல்களும் அவ்வகையின என்பதால், மருந்து ஏற்றத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரலாம். எல்லா மருந்துகளும் இவ்வாறு செய்வதில்லை. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளர்கிறது. தொடக்கத்தில் அதன் நிறமும் சுருளும் மாறியிருக்கக் கூடும்.

விக் அணிவது மாயையா?

'விக்' என்றும் பேச்சு வழக்கில் 'டோப்பா' என்றும் வழங்கும் முடியை அணிவது, நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மாயைக்கு இடமாகுமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். பிறரை ஏய்த்து ஊதியம் பெற எண்ணும் வஞ்சகமே மாயை. நம் பாட்டிமார் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டதை எவரும் வஞ்சகம் என்றதில்லை. கூச்சமின்றி நாலுபேர் நடுவில் நிற்பதற்காக அணியும் விக்கும் ஆடையைப் போன்றதே. இல்லறத்தார்க்கு அது தடையன்று. ஆனால் உண்மை கூறக் கடமைப்பட்ட இடத்தில் மறைத்தல் ஆகாது. திருமணம் பேசும்போது உரியவரிடம் உள்ளதை உள்ளபடி கூறிவிடுவதே சத்தியாணுவிரதத்துக்கு ஏற்றது.

கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம், விக் எதனால் செய்யப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மனித முடியாலும் செயற்கை இழையாலும் ஆன விக்குகளே மிகுதி. இந்தியாவிலிருந்து செல்லும் மனித முடியில், கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடியும், சீவும்போது உதிர்ந்ததைச் சேர்த்து விற்ற முடியும் அடங்கும். நாடகத்துக்குரிய விக்குகள் சிலவற்றில் விலங்கு முடி சேர்வதுண்டு. உச்சிப் பகுதியில் பட்டுத்துணி வைத்துத் தைத்தவையும் கடைகளில் கிடைக்கின்றன. பட்டுக்காக எத்தனை புழுக்கள் மடிகின்றன என்பதை நாம் அறிவோம். ஆகவே பட்டுத்துணி வைத்ததைத் தவிர்த்து, நைலான் அல்லது பாலியஸ்டர் வலையில் கோத்ததைத் தேர்ந்துகொள்க.

முடி உதிருமுன்பே கடைக்குச் சென்றால் நிறத்தையும் அமைப்பையும் ஒத்துப் பார்க்கலாம். செயற்கை இழை விலை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் வெப்பம் பட்டால் சுருங்கிப் பொசுங்கும். அடுப்பருகில் நிற்கும்போது அதனைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டிக்கொள்க. மனித முடி நெடுநாள் உழைக்கும், விலை மிகுதி. உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்தால் தலைத்தோல் உறுத்தாது. இரவில் கழற்றி வைத்தல் வேண்டும். ஒட்டும் பசையைப் பயன்படுத்துமுன் தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும். முனிவர் ஆகாரத்தில் முடி காணப்படின் அந்தராயம் ஆகுமாதலின், ஆகாரம் சமைக்கும்போது, விக் அணிந்தவரும் அணியாதவரும் தலையை நன்கு கட்டிக்கொள்வது கடமை.

விக் வேண்டாம் என்று வெறுந்தலையோடு வருபவர்களும் உண்டு. அதுவும் அவர்தம் உரிமையே. இரண்டில் எதனைத் தேர்வது என்பதை உரியவரே முடிவு செய்யட்டும்.

நம் கடமை யாது?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளை அருங்கலச்செப்பு எடுத்துரைக்கின்றது. அவற்றுள் நிர்விசிகித்சை என்பது, உடலின் நிலை கண்டு அருவருப்புக் கொள்ளாமை. அதற்குச் சான்றானவன் உத்தாயன மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் வந்து வாந்தி செய்த தேவனை, அவனும் அவன் தேவி பிரபாவதியும் சிறிதும் முகம் சுளியாது கழுவித் துடைத்தனர். 'நாம் அளித்த ஆகாரத்தில்தான் குறையோ!' என்று மன்னன் தன்னையே நொந்துகொண்டான். 'இது உம் முன்வினை' என்று அவன் முனிவரிடம் கூறவில்லை.

நாமும் கூறலாகாது. அசாதா வேதநீயத்தின் உதயத்தால் துன்பம் வருகிறது என்பது தத்துவம். எவருக்கு எந்த வினை எப்போது பலன் தருகிறது என்று அறிந்து கூறக் கேவலஞானி ஒருவர்க்கே இயலும்.

உபகூஹனம் என்பது அறநெறியில் நிற்போரின் குறையை மறைத்துக் காத்தல். அவ்வுறுப்பின் பண்பை இங்கும் கொள்ளலாம். ஒருவர் தம் தலையை மறைத்து வருகிறார் என்றால், அம்மறைப்பை நம் கேள்விகளால் விலக்காதிருப்பதே நாம் செய்யும் உபகாரம். 'இது சொந்த முடியா?' என்று கேளாதீர். குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். மேலும், நால்வகைத் தானங்களுள் ஔஷததானமும் ஒன்று. வறிய நோயாளர்க்கு மருந்து வாங்கித் தரும்போது, அவர் விரும்பினால் விக் ஒன்றையும் வாங்கித் தருவது கருணைச் செயலேயாகும்.

மகாவீர ஜயந்தி அன்று அச்சகோதரி மீண்டும் ஆலயத்துக்கு வந்தார். விக் அணிந்திருந்தார். பூத்தட்டு வந்தது. அதே மூதாட்டி ஒரு சரத்தை எடுத்து, "திரும்பு அம்மா" என்று சொல்லித் தம் கையாலேயே சூட்டிவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நாம் கற்க வேண்டிய பாடத்தை அவர் நமக்கு முன்பே கற்றுவிட்டார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. முனிவரின் கேசலோசத்துக்கும் நோயால் முடி இழப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. விக் அணிவது எப்போது மாயை ஆகும்? எப்போது ஆகாது?
3. நம் ஊரில் நோயுற்று ஆலயத்துக்கு வராதிருப்பவர் யார்? அவர் இல்லத்துக்கு நாம் எப்போது சென்றோம்?

ஓங்குக அருகன் அறம்!