ஒரே ஆள் இரண்டு தடவையா, ஒரே பேரில் இரண்டு ஆளா? – ஜாவா பட்டியலில் இரட்டைப் பதிவைப் பிடிப்பது எப்படி



போன வருஷம் நம் மாணவர் பேரவை சார்பில் இலவச பஸ் பாஸ் விண்ணப்பங்களைச் சேகரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். காகிதத்தில் வந்ததைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. நானும் என் நண்பனும் சேர்ந்து ஜாவாவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். சில பேர் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு ஃபாரம் கொடுத்திருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு முறை ஏறிவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒரு சோதனை வைத்தோம். இனிஷியலும் பேரும் ஒன்றாக இருந்தால் "ஏற்கெனவே உள்ளது" என்று திரையில் வரும், பதிவு ஏறாது. எழுதி முடித்தபோது எங்களுக்கு ரொம்பப் பெருமை!

மெக்கானிக்கலில் ஒருவர், சிவிலில் ஒருவர். இரண்டு பேருக்கும் இனிஷியல், பேர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. உண்மைப் பேர் வேண்டாம், எம். மணிகண்டன் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் அந்தப் பேருக்குப் பஞ்சமா? இரண்டாவது மணிகண்டன் ஃபாரத்தை ஏற்றியபோது "ஏற்கெனவே உள்ளது" என்று வந்தது. நான் என்டர் தட்டிவிட்டு அடுத்த ஃபாரத்தை எடுத்தேன். அவ்வளவுதான்.

அடுத்த பட்டியல் போக 26 வேலை நாள் ஆயிற்று. அவர் ஊரிலிருந்து வரப் போக ஒரு நாளைக்கு 34 ரூபாய். நாலு நாள் காசில்லாமல் வரவே இல்லை. மீதி 22 நாளுக்கு 748 ரூபாய் கைக்காசு. எங்கள் வீட்டிலும் நான்தான் முதலில் படிக்க வந்தவன். 748 ரூபாய் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "கம்ப்யூட்டர் விட்டுடுச்சுன்னு சொன்னாங்க" என்றுதான் சொன்னார். கம்ப்யூட்டர் விடவில்லை, நான் எழுதிய ஒரு வரி விட்டது. அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் "ஒன்று" என்றால் என்ன என்று பார்ப்போமா? ஜாவாவில் நாம் ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து நியூ போட்டு இரண்டு ஆப்ஜெக்ட் செய்கிறோம். இரண்டிலும் பதிவு எண், பேர், துறை எல்லாம் ஒன்றாகவே நிரப்புகிறோம். நமக்கு இரண்டும் ஒன்று. ஜாவாவுக்கு இரண்டும் வேறு! ஏனென்றால் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஆப்ஜெக்ட் என்ற தாய்க் கிளாஸில் இருக்கும் ஈக்குவல்ஸ்தான் ஓடும். அது கேட்கும் கேள்வி ஒன்றே: இரண்டு பேரும் காட்டுவது நினைவகத்தில் ஒரே பொருளையா? ஒரே ஆள் நிரப்பிய இரண்டு ஃபாரம் என்றாலும் காகிதம் இரண்டுதானே, அந்த மாதிரி. ஆகவே அர்ரேலிஸ்டில் கன்டெய்ன்ஸ் என்று கேட்டால், இரட்டைப் பதிவு கண்முன்னே இருந்தாலும் ஃபால்ஸ் என்றுதான் வரும்.

ஸ்ட்ரிங்கிலும் ஒரு வலை இருக்கிறது. இரட்டைச் சமக்குறி போட்டு இரண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால், புரோகிராமுக்குள்ளேயே மேற்கோளில் எழுதிய சொற்களுக்குச் சரியாக வேலை செய்யும். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் எழுதினாலும் ஜாவா ஒரே பொருளாக வைத்துக்கொள்வதால் வருவது அது. அதையே ஸ்கேனரில் தட்டி வாங்கினால் ஃபால்ஸ்! லேபில் "நேத்து ஓடுச்சு சார், இன்னைக்கு ஓடல" என்று நாம் முழிப்பதில் பாதி இதுதான். உள்ளடக்கத்தை ஒப்பிட ஈக்குவல்ஸ் மட்டுமே.

சரி, நம் கிளாஸுக்கு நாமே ஈக்குவல்ஸ் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எதை வைத்து ஒரே ஆள் என்பது? இதை ஜாவா சொல்லித் தராது. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் முப்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். எங்கள் தெருவில் இரண்டு செல்வி அக்கா இருக்கிறார்கள். ஒரு நாளும் கணக்கு மாறியதில்லை. எப்படிம்மா என்று கேட்டால், "பேருக்கா பால் ஊத்துறேன், வீட்டுக்குல்ல ஊத்துறேன்" என்றார். நாங்கள் செய்த தப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பேர் மாறாமல் இருக்கலாம், ஆள் மாறலாம். ஆளுக்கு ஒன்றே ஒன்றாக, மாறாமல் இருப்பது எது? நமக்குப் பதிவு எண். ஈக்குவல்ஸ் அதை மட்டும் ஒப்பிட்டால் போதும். துறையையும் ஃபோன் நம்பரையும் சேர்த்து ஒப்பிட்டால் "இன்னும் பாதுகாப்பு" என்று தோன்றும். ஆனால் ஒருவர் இரண்டாவது ஃபாரத்தில் வேறு ஃபோன் நம்பர் எழுதியிருந்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார்! 2021ல் ஜாவா 16ல் முழுமையாக வந்த ரெக்கார்டு என்ற வசதி ஈக்குவல்ஸைத் தானே எழுதித் தரும், ஆனால் எல்லாப் புலங்களையும் வைத்து. கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள்.

இப்போது எழுதும்போது விழும் குழி. நாங்கள் அடுத்த முறை விழுந்ததும் இதில்தான், ஒரு முழு சாயங்காலம் போனது. ஈக்குவல்ஸுக்குள் வரும் மாறியின் வகையை நம் கிளாஸின் பேராகவே எழுதிவிட்டோம். கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரடியாகக் கூப்பிட்டுப் பார்த்தால் ட்ரூ என்று வருகிறது. பட்டியலில் கன்டெய்ன்ஸ் கேட்டால் ஃபால்ஸ்! காரணம் இதுதான்: கன்டெய்ன்ஸ் உள்ளே கூப்பிடுவது ஆப்ஜெக்ட் வகையை வாங்கும் ஈக்குவல்ஸை. நாம் எழுதியது அதே பேரில் வேறொரு மெத்தட். அதாவது நாம் செய்தது ஓவர்லோடிங், வேண்டியது ஓவர்ரைடிங். தேர்வில் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி ஐந்து மார்க் வாங்குகிறோம், லேபில் கோட்டை விடுகிறோம்! மெத்தடுக்கு மேலே ஓவர்ரைடு என்ற அடையாளக் குறியைப் போட்டிருந்தால் கம்பைலரே பிடித்துக் கொடுத்திருக்கும். 2004ல் ஜாவா 5 வந்ததிலிருந்து இருக்கும் வசதி அது. ஆக, வாங்கும் வகை ஆப்ஜெக்ட், உள்ளே இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு நம் வகைதானா என்று பார்க்க வேண்டும். நல் வந்தாலும் அது ஃபால்ஸ் சொல்லிவிடும். பிறகு பதிவு எண்களை ஒப்பிட வேண்டும். நாலு வரிதான்.

அடுத்தது வேகம். அர்ரேலிஸ்டில் ஒவ்வொரு புதுப் பதிவையும் முன்னே இருப்பவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், 600 ஃபாரத்துக்கு 1,79,700 ஒப்பீடு. இன்றைய மெஷினுக்கு இது தூசி. ஆனால் ஆறு லட்சம் பதிவு என்றால் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு ஏறும், ஒப்பீடு பத்து லட்சம் மடங்கு ஏறும்! இங்கேதான் ஹேஷ் வருகிறது.

காகித ஃபாரங்களை நாமே கையால் சரிபார்த்தால் என்ன செய்வோம்? பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பத்துக் கட்டாகப் பிரித்துவிடுவோம். புது ஃபாரத்தின் எண் 7ல் முடிந்தால் 7ஆம் கட்டை மட்டும் புரட்டினால் போதும். ஹேஷ்செட்டும் ஹேஷ்மேப்பும் செய்வது இதையேதான். எந்தக் கட்டு என்று சொல்வது ஹேஷ்கோட், கட்டுக்குள் ஒன்றா வேறா என்று தீர்ப்பது ஈக்குவல்ஸ். ஜாவாவின் ஹேஷ்மேப் சாதாரணமாக 16 கட்டில் தொடங்கும். 12 பதிவைத் தாண்டியதும் 32 கட்டாக விரித்துக்கொள்ளும், இப்படியே போகும்.

இதிலிருந்து அந்தப் புகழ்பெற்ற விதி தானாகப் புரிந்துவிடும். ஈக்குவல்ஸ் எழுதினால் ஹேஷ்கோடும் எழுது! ஈக்குவல்ஸ் மட்டும் எழுதிவிட்டு விட்டால், ஒரே ஆளின் இரண்டு ஃபாரம் வேறு வேறு கட்டுக்குப் போகும். வேறு கட்டில் கிடப்பதை யார் ஒப்பிடப் போகிறார்கள்? இரட்டைப் பதிவு சத்தமில்லாமல் உள்ளே ஏறிவிடும். ஈக்குவல்ஸ் எந்தப் புலத்தைப் பார்க்கிறதோ, ஹேஷ்கோடும் அதிலிருந்தே வர வேண்டும். நம் விஷயத்தில் பதிவு எண் ஸ்ட்ரிங்கின் ஹேஷ்கோடைத் திருப்பித் தந்தால் முடிந்தது.

மறுபக்கம் உண்மையல்ல. ஹேஷ்கோடு ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஆங்கிலப் பெரிய ஏ, சிறிய ஏ இரண்டையும் அடுத்தடுத்து எழுதிய ஸ்ட்ரிங்கையும், பெரிய பி இரண்டு எழுதிய ஸ்ட்ரிங்கையும் எடுங்கள். ஜாவா முதல் எழுத்தின் எண்ணை 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டும். 65 பெருக்கல் 31, கூட்டல் 97. விடை 2112. 66 பெருக்கல் 31, கூட்டல் 66. அதுவும் 2112! நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள். ஒரே கட்டில் இரண்டு பேர் இருப்பது சகஜம், அதனால்தான் ஈக்குவல்ஸ் வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 7ஆம் கட்டில் வைத்த ஃபாரத்தில், வைத்த பிறகு, எண்ணைத் திருத்தி 3ல் முடியும்படி எழுதினால்? ஃபாரம் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தேடுகிறவர் 3ஆம் கட்டில் தேடுவார், கிடைக்காது. ஹேஷ்செட்டிலும் இப்படியே. பிரின்ட் போட்டால் தெரியும், கன்டெய்ன்ஸ் கேட்டால் இல்லை என்னும், ரிமூவ் செய்தால் போகாது! ஆகவே பதிவு எண் புலத்தை ஃபைனல் என்று பூட்டிவிடுங்கள். திருத்த வேண்டுமா? பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து போடுங்கள்.

இனி பட்டியல் கிளாஸ். அர்ரேலிஸ்டை எக்ஸ்டெண்ட் செய்து, ஆட் மெத்தடில் மட்டும் சோதனை வைக்கலாம் என்று முதலில் நினைத்தோம். அது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அர்ரேலிஸ்டின் ஆட்ஆல், நம் ஆடைக் கூப்பிடுவதே இல்லை. நேராக உள்ளே கொட்டிவிடும். அதனால் எக்ஸ்டெண்ட் வேண்டாம். நம் கிளாஸுக்குள் ஒரு லிங்க்டுஹேஷ்மேப்பைப் பிரைவேட்டாக வைத்து, பதிவு எண்ணைச் சாவியாக்கி, சேர் என்று ஒரே ஒரு வாசல் மட்டும் வைத்தோம். லிங்க்டு வகை என்பதால் ஃபாரம் வந்த வரிசையும் கலையாது. புட்இஃப்ஆப்சென்ட் என்ற மெத்தட் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. இடம் காலியாக இருந்தால் சேர்த்துவிட்டு நல் தரும். ஏற்கெனவே ஆள் இருந்தால் அந்தப் பழைய பதிவையே நம் கையில் தரும்.

பழைய பதிவு கையில் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. போன வருஷம் திரை "ஏற்கெனவே உள்ளது" என்றது, யார் உள்ளது என்று சொல்லவில்லை. இப்போது பழையது, புதியது இரண்டையும் பேர், துறை, ஊர் சகிதம் அருகருகே காட்டிவிட்டு நிற்கும். என்டரை மட்டும் தட்டிவிட்டுப் போக முடியாது, ஆம் இல்லை என்று எழுதியாக வேண்டும்.

பேர் ஒத்துப்போவதையும் பார்க்கிறோம், ஆனால் எச்சரிக்கையாக மட்டும். "ஓர் எழுத்து வித்தியாசம் என்றால் ஒன்றே" என்று ஈக்குவல்ஸுக்குள் எழுதலாமே என்றான் நண்பன். கூடாது. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் ஓர் எழுத்து, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஓர் எழுத்து. அப்போது முதலும் மூன்றும் ஒன்றா? இரண்டு எழுத்து வித்தியாசம் ஆயிற்றே! ஒன்று இரண்டுக்குச் சமம், இரண்டு மூன்றுக்குச் சமம் என்றால் ஒன்று மூன்றுக்குச் சமமாக வேண்டும் என்பது ஈக்குவல்ஸின் சட்டம். அது உடைந்தால் எந்தக் கட்டும் சரியாக வராது.

தமிழில் பேரை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஈக்குவல்ஸுக்கு வேறு! ஜாவாவில் நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது, ஒப்பிடும் முன் இரண்டையும் அதில் போட்டு எடுத்தால் ஒன்றாகிவிடும். ஆனால் "ஸ்ரீ" எழுத்தில் அதன் பாச்சா பலிக்காது. ஸகரம் வைத்தும், 2005ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்தும் தட்டலாம், நார்மலைசர் அவற்றை வேறு வேறாகவே விடும். ஸ்ரீதர்கள் மன்னிக்கவும், உங்களுக்காகத் தனியாக ஒரு வரி எழுதினோம். பதிவு எண்ணையும் இன்ட்டாக வைக்காமல் ஸ்ட்ரிங்காக வைத்து, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை ட்ரிம் செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஓர் ஆளை இரண்டாக்கும்.

இந்த வருஷம் ஃபாரம் ஏற்றும்போது திரை ஒன்பது இடத்தில் நின்றது. எட்டு இடத்தில் ஒரே ஆள் இரண்டு ஃபாரம். மீதி ஒன்றில், பக்கத்து பெஞ்ச் நண்பரின் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணாக எழுதியிருந்தார் ஒருவர், கூப்பிட்டுக் கேட்டுத் திருத்தினோம். மணிகண்டன்கள் இரண்டு பேரும் தனித்தனியாக ஏறினார்கள். இரண்டாமவர் ஃபாரத்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே ஏற்றினேன்.

புரோகிராம் வேண்டும் என்கிறவர்கள் பென் டிரைவோடு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லேபுக்கு வாருங்கள். வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு வந்தால் நல்லது!