கியர்பாக்ஸுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் திரையில் எர்ரர் மெசேஜ் வந்தால் நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. ஓகே பட்டனைத் தட்டி மூடிவிடுவோம். பிறகு சர்வீஸ் இஞ்சினியர் வந்து "என்ன மெசேஜ் வந்தது?" என்று கேட்கும்போது விழிப்போம். காரிலும் இதே கதைதான். அங்கே பில் தொகை பல மடங்கு அதிகம்!

"நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று சிக்னலில் நின்ற வண்டி நகர மாட்டேன் என்கிறது" என்பது ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல். அவர்களுக்கு அது திடீர்ப் பழுது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் அது பழைய செய்தி. கோளாறைக் குறித்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும். சாப்ட்வேர் இஞ்சினியரான எனக்கு லாக் பைல்களைப் படிப்பதே பாதி வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் கற்றதை வைத்தே இதையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். வாருங்கள், பார்க்கலாம்.

கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் எதற்கு?

கம்ப்யூட்டர் என்றால் இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் அப்படித்தான். இதற்கு டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக டி.சி.எம். என்று பெயர். வண்டியின் வேகம், இஞ்சின் சுற்றும் வேகம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பவை இன்புட். எந்த கியர் வேண்டும் என்று முடிவு செய்வது பிராசஸ். கிளட்சையும் கியரையும் நகர்த்தச் சொல்லும் கட்டளை அவுட்புட்.

இந்தப் பெட்டி படுத்துவிட்டால், கியர் சக்கரங்கள் புத்தம் புதிதாக இருந்தாலும் வண்டி நகராமல் போகலாம்.

ஒரு நிஜ உதாரணம்

ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் 2011 முதல் 2016 மாடல் வரை ஃபியஸ்டா கார்களிலும், 2012 முதல் 2016 மாடல் வரை ஃபோகஸ் கார்களிலும் பவர்ஷிஃப்ட் என்ற 6 கியர் பெட்டியைப் பொருத்தியது. இதில் இரண்டு கிளட்ச்கள். 1, 3, 5 கியர்களுக்கு ஒன்று. 2, 4, 6 மற்றும் ரிவர்ஸுக்கு இன்னொன்று. இவற்றை இயக்குபவை மின்மோட்டார்கள். மோட்டார்களுக்குக் கட்டளை தருவது டி.சி.எம்.

வாங்கியவர்களுக்குத் தலைவலி இரண்டு வழியில் வந்தது. ஒன்று, கிளட்ச் உதறல். எண்ணெய் படக்கூடாத உலர் கிளட்சில், சீல் வழியே எண்ணெய் கசிந்ததும் இதற்கு ஒரு காரணம். இரண்டாவது, டி.சி.எம். கோளாறு. வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓடும்போதே இழுவை போய்விடும்.

2014ல் ஃபோர்டு அமெரிக்காவில் வாரண்டியை நீட்டித்தது. கிளட்சுக்கு 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல்; டி.சி.எம்.முக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். உதறல் வண்டியின் தரக் குறைபாடு என்று தெரிந்திருந்தும், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று பல வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டதாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018ல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பணம் கொடுத்து வண்டி வாங்கியவரையே குற்றவாளி ஆக்கினால் கோபம் வராதா?

அப்டேட் போட்டால் போதுமா?

"சாப்ட்வேர் அப்டேட் செய்துவிட்டோம், இனி பிரச்சினை வராது" என்று சொல்லி வண்டியைத் திருப்பித் தருவது உண்டு. கியர் மாற்றும் நேரம், கிளட்ச் பிடிக்கும் அழுத்தம் போன்றவை புரோகிராமில் உள்ள கணக்குகள். இவற்றில் தவறு இருந்தால் அப்டேட் சரிசெய்யும். கசியும் சீலை அப்டேட் அடைக்காது. சூட்டிலும் அதிர்விலும் சர்க்யூட் போர்டில் விட்டுப்போன சால்டரை அப்டேட் ஒட்டாது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் விண்டோஸை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை அல்லவா? அதே நியாயம்தான்.

எனவே இரண்டாவது அப்டேட்டுக்குப் பிறகும் அதே கோளாறு வந்தால், ஹார்ட்வேரைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

காரின் எர்ரர் மெசேஜைப் படிப்பது எப்படி?

டாஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் பக்கமாக 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். நம் ஊரில் விற்கும் இன்றைய பெட்ரோல், டீசல் கார்களிலும் உண்டு. ப்ளூடூத் ரீடர் ஒன்றை இதில் செருகி, மொபைலில் அதற்கான ஆப்பைத் திறந்தால் கோட்கள் தெரியும்.

கோடின் முதல் எழுத்து பி என்றால் இஞ்சின் அல்லது கியர்பாக்ஸ். யு என்றால் வண்டிக்குள் இருக்கும் நெட்வொர்க்.

பி0700: கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் கோளாறு. முழு விவரம் டி.சி.எம்.மிடம் இருக்கிறது, அதைக் கேள் என்று இஞ்சின் கம்ப்யூட்டர் கை காட்டுகிறது.

பி0730: போட்ட கியருக்கும் சுற்றும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

யு0101: டி.சி.எம்.முடன் தொடர்பு அறுந்துவிட்டது.

மலிவான ரீடர்கள் பி0700 என்பதோடு நின்றுவிடலாம். உள்ளே இருக்கும் கோடைப் படிக்க, டி.சி.எம்.முடன் பேசத் தெரிந்த ஸ்கேனர் தேவை. இன்னொன்று: கோட் என்பது அறிகுறிதான், தீர்ப்பு அல்ல. பி0700 வந்தவுடன் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மின்சாரம் சரியாக வராமல் கம்ப்யூட்டர் தடுமாறுவதைப் போல, பேட்டரி பலவீனமானாலும் டி.சி.எம். தடுமாறும். முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப் போகும் முன் செய்ய வேண்டியவை

1. வண்டி ஒரே கியரில், குறைந்த வேகத்தில் மட்டும் ஓடினால் அது லிம்ப் மோட். விண்டோஸின் சேஃப் மோட் போன்றது. நெடும் பயணத்தைத் தொடராதீர்கள்.

2. கோட்களை உடனே படியுங்கள். கோளாறு மீண்டும் வராவிட்டால் சில கோட்கள் தானாகவே அழிந்துவிடும்.

3. ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கோளாறு வந்த நொடியில் வண்டியின் வேகம், இஞ்சின் சூடு என்ன என்பது அதில் இருக்கும்.

4. 'கிளியர்' பட்டனைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரையும் கழற்றாதீர்கள். சாட்சி அழிந்துவிடும்.

5. தேதி, கிலோமீட்டர், கோட் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு நகல் வாங்கி அதோடு வையுங்கள்.

"நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லையே" என்று கவுண்ட்டரில் சொன்னால், வாக்குவாதம் வேண்டாம். நோட்டையும் ஸ்கிரீன் ஷாட்டையும் எடுத்துக் காட்டுங்கள். வாரண்டி முடிவதற்குள் கோளாறு தொடங்கியது என்று காட்ட, உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.