பாடம் 8: தாத்தாவின் அறைக்கு வந்த இணையம்

கற்றல் நோக்கங்கள்

• ஒரு செயல்முறையை வரிசை மாறாமல் தமிழில் விளக்குதல்.
• அறிவியல் சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்துதல்.
• பழைய பொருளை மீண்டும் பயன்படுத்தும் மனப்பாங்கைப் பெறுதல்.

நுழையும்முன்

புதிய பொருள் ஒன்று வீட்டிற்கு வந்தவுடன் பழைய பொருள் பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. அது பழுதாகிவிட்டதா என்று நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இணையத்தை வீட்டிற்குள் பரப்பும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். இதனைத் தமிழில் திசைவி என்பர். பழைய திசைவி ஒன்று மீண்டும் பயன்பட்ட நிகழ்வை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கூறுவதாக அமைந்தது இப்பாடம்.

பழைய பெட்டி

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் போபாலிலிருந்து நாக்பூருக்கு இடமாறுதல் கிடைத்தது. புதிய ஊர், புதிய குடியிருப்பு, புதிய இணைய இணைப்பு. இணைப்புக் கொடுக்க வந்தவர் புதிய ரவுட்டர் ஒன்றையும் கூடத்தில் பொருத்திவிட்டுச் சென்றார். போபாலில் நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பழைய ரவுட்டர், பிரிக்கப்படாத பெட்டி ஒன்றில் செய்தித்தாள் சுற்றியபடியே கிடந்தது.

அதே ஆண்டில்தான் தாத்தாவும் தூத்துக்குடியிலிருந்து எங்களுடன் வசிக்க வந்தார். அவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காலையில் காப்பியுடன் தமிழ் நாளிதழைப் படிப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். எங்கள் பகுதியில் நாளிதழ் போடுபவரிடம் மராத்தி, இந்தி, ஆங்கில இதழ்கள் மட்டுமே இருந்தன. திறன்பேசியில் படிக்கலாம் என்றால், எழுத்துகள் சிறியனவாக இருந்தன. கண்புரை அறுவைக்குப் பின் தாத்தாவால் அவற்றை நெடுநேரம் பார்க்க இயலவில்லை. "நாள் முழுவதும் ஒரு வரிகூடத் தமிழ் படிக்கவில்லை" என்று அவர் ஒருநாள் அம்மாவிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா தம்முடைய பழைய மேசைக் கணினியைத் தாத்தாவின் அறையில் வைத்தார். அதன் திரை பெரியது. எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். ஆயினும் ஒரு குறை இருந்தது. அக்கணினியில் வைஃபை வாங்கும் வசதி இல்லை. வைஃபை என்பதைத் தமிழில் அருகலை என்று வழங்குவர். கணினியின் பின்புறம் வடம் செருகும் ஈதர்நெட் துளை ஒன்று மட்டுமே இருந்தது. புதிய ரவுட்டரோ வீட்டின் முன்பக்கத்தில், இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தது.

மூன்று வழிகள்

அன்று இரவு அக்கா ஒரு தாளில் மூன்று வழிகளை எழுதினாள்.

முதல் வழி, கூடத்திலிருந்து தாத்தாவின் அறை வரை நீண்ட வடம் இழுப்பது. அரசுக் குடியிருப்பில் அனுமதியின்றிச் சுவரைத் துளைக்க இயலாது. தரையில் வடத்தை விட்டால் தாத்தாவின் கால் தடுக்கும். ஆகவே அவ்வழி நீக்கப்பட்டது.

இரண்டாம் வழி, கணினியில் செருகும் சிறிய வைஃபை வாங்கியைக் கடையில் வாங்குவது. அது எளிய வழியே. ஆனால் கணினிப் பெட்டி மேசைக்கு அடியில், இரும்பு அலமாரியின் பின்னால் இருந்தது. அங்குச் சமிக்ஞை மிகவும் குறைவாக இருந்தது.

மூன்றாம் வழியை எழுதிவிட்டு, அக்கா பெட்டியிலிருந்த பழைய ரவுட்டரை எடுத்து வந்தாள்.

"இது இணையத்தைக் கொடுக்கும் கருவி அல்லவா? நமக்கு வேண்டியது வாங்கும் கருவி ஆயிற்றே!" என்றேன்.

"வானொலிப் பெட்டி கேட்க மட்டும்தான் செய்யும். ரவுட்டர் அப்படியன்று. நம் திறன்பேசி அனுப்புவதைக் கேட்கும்; மறுமொழியும் அனுப்பும். அனுப்பவும் வாங்கவும் தெரிந்த கருவியிடம், 'இனி நீ புதிய ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, அதை வடத்தின் வழியாகக் கணினிக்குக் கொடு' என்று சொன்னால் போதும். இதற்குக் கிளையன்ட் முறை என்று பெயர்" என்று அக்கா விளக்கினாள்.

எல்லா ரவுட்டர்களிலும் அம்முறை இருப்பதில்லை. சிலவற்றில் ரிப்பீட்டர் முறை மட்டும் இருக்கும். அம்முறையில் கருவி, வாங்கிய சமிக்ஞையை மீண்டும் காற்றிலேயே பரப்பும். ஒரே அலைவரிசையில் கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கிளையன்ட் முறையில் கருவி காற்றில் வாங்கி வடத்தில் கொடுப்பதால் அக்குறை இல்லை. எங்கள் பழைய ரவுட்டரில் இரண்டு முறைகளும் இருந்தன.

வேலை தொடங்கியது

அப்பா முதலில் மின் இணைப்பியைச் சோதித்தார். ரவுட்டரின் அடியில் 9 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியில் 12 வோல்ட் இணைப்பி ஒன்றும் கிடந்தது. அதன் முனையும் ரவுட்டரில் பொருந்தியது. "பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. அச்சிட்டிருக்கும் அளவும் ஒத்திருக்க வேண்டும்" என்று கூறிச் சரியான இணைப்பியைத் தேடி எடுத்தார்.

போபாலில் வைத்த கடவுச்சொல் எவருக்கும் நினைவில்லை. பின்புறமிருந்த சிறு துளைக்குள் குண்டூசியின் முனையை நுழைத்து, பத்து நொடிகளுக்கு மேல் அழுத்தினோம். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தன. ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை அடைந்தது.

அடுத்து, கணினியையும் பழைய ரவுட்டரையும் குறுவடத்தால் இணைத்தோம். வடத்தை ரவுட்டரில் 'லேன்' என்று எழுதப்பட்ட துளையில் செருகினோம். உலாவியில் 192.168.1.1 என்று தட்டச்சு செய்தவுடன் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறந்தது. அக்கா கிளையன்ட் முறையைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் எங்கள் வீட்டு இணைப்பின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். இணைந்தது என்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது.

நான் மகிழ்ச்சியுடன் நாளிதழின் முகவரியைத் தட்டினேன். பக்கம் திறக்கவில்லை. மீண்டும் முயன்றேன். அப்போதும் திறக்கவில்லை. தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விடு அம்மா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

ஒரே கதவு எண்

அக்கா விடவில்லை. புதிய ரவுட்டரின் அமைப்பையும் திறந்து பார்த்தாள். அதன் எண்ணும் 192.168.1.1 என்றே இருந்தது.

"அது என்ன எண்?" என்று தாத்தா கேட்டார்.

"வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் உரிய முகவரி, தாத்தா. இதனை ஐ.பி. முகவரி என்பார்கள்."

"இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரியா? ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? நான் எத்தனை கடிதங்களைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன், தெரியுமா?" என்றார் தாத்தா.

அக்கா எழுந்து நின்றாள். "இதுதான் தாத்தா பிழை!"

கணினி தன் கடிதங்களைப் புதிய ரவுட்டருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அதே எண்ணுடன் பழைய ரவுட்டர் அருகிலேயே இருந்ததால், அவை அதனிடமே நின்றுவிட்டன. மேலும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையையும் பழைய ரவுட்டர் விடாமல் செய்துகொண்டிருந்தது. அவ்வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஒரு வீட்டு வலையமைப்பில் முகவரி வழங்குவதற்கு ஒரு கருவியே போதும்.

அக்கா இரண்டு மாற்றங்கள் செய்தாள். பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினாள். புதிய ரவுட்டர் பிற கருவிகளுக்கு 100 முதல் 199 வரையுள்ள எண்களையே வழங்கிவந்ததால், 2 என்னும் எண் வேறு எதனுடனும் மோதாது. பின்பு பழைய ரவுட்டரின் டி.எச்.சி.பி. பணியை நிறுத்தினாள். ரவுட்டரையும் கணினியையும் அணைத்து மீண்டும் இயக்கினோம். நாளிதழின் முதற்பக்கம் திறந்தது.

இடமும் காவலும்

பக்கம் திறந்தாலும் படங்கள் மெதுவாகவே வந்தன. ரவுட்டர் இரும்பு அலமாரியை ஒட்டி இருந்ததே காரணம். வைஃபை என்பது வானொலி அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் அது பெரும்பாலும் இயங்குகிறது. உலோகம் அவ்வலையைத் தடுத்துத் திருப்பிவிடும்; தடித்த சுவரும் நீர்த்தொட்டியும் அதன் வலிமையைக் குறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் மற்றதைவிடச் சிறந்தது. எங்கள் பழைய ரவுட்டர் அதில் மட்டுமே இயங்கும்; அஃது இங்கு நன்மையாயிற்று. நான் திறன்பேசியுடன் அறை முழுவதும் நடந்து, கதவுக்கு மேலிருந்த பலகையில் சமிக்ஞை மிகுதியாக இருப்பதைக் கண்டேன். ரவுட்டரை அங்கே வைத்து, வடத்தைச் சுவரோரமாக இறக்கினோம். படங்கள் தடையின்றி வந்தன.

இறுதியாக, அப்பா பழைய ரவுட்டரின் நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றினார். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் எவருக்கும் எளிதில் தெரிந்துவிடும். மிகப் பழைய சில கருவிகள் டபிள்யூ.இ.பி. என்னும் வலுவற்ற காப்பு முறையை மட்டுமே அறியும். "அத்தகைய கருவிக்காகப் புதிய ரவுட்டரின் காப்பைக் குறைக்கக் கூடாது. ஓர் அறைக்கு இணையம் தருவதற்காக வீடு முழுவதையும் திறந்துபோடுவது அறிவுடைமை ஆகாது" என்றார் அப்பா. எங்கள் கருவி டபிள்யூ.பி.ஏ.2 முறையை அறிந்திருந்ததால் அத்தொல்லை எழவில்லை.

மறுநாள் காலை தாத்தா தலைப்புச் செய்திகளை உரக்கப் படித்தார். பின்னர் என்னை அருகில் அழைத்து, "இந்தப் பத்தியை நீ படி" என்றார். நான் தடுமாறிய இடங்களில் திருத்தினார். அன்று முதல் நாள்தோறும் ஒரு பத்தி படிப்பது எனக்கும் வழக்கமாயிற்று.

தெரிந்துகொள்வோம்

• ஜகதீச சந்திர போஸ், வடமின்றி அலைகளை அனுப்பி வாங்கும் சோதனையை 1895-இல் கொல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார்.
• வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரம் 1997-இல் வெளியிடப்பட்டது.
• ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருள் 2004-இல் தொடங்கப்பட்டது. பொருத்தமான பழைய ரவுட்டர்களுக்கு இது புதிய திறன்களை அளிக்கிறது.
• இந்தியாவின் புதிய மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழுதான கருவிகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.
• இணைய நிறுவனம் இரவலாகத் தந்த ரவுட்டரை, இணைப்பை நிறுத்தும்போது திருப்பித் தர வேண்டும். சொந்தமாக வாங்கிய ரவுட்டரையே இவ்வாறு மாற்றிப் பயன்படுத்தலாம்.

சொல்லும் பொருளும்

திசைவி – ரவுட்டர்
அருகலை – வைஃபை
உலாவி – இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள்
சமிக்ஞை – செய்தியைச் சுமந்து வரும் அலைக்குறிப்பு
வலையமைப்பு – ஒன்றோடொன்று இணைந்த கருவிகளின் தொகுதி
இரவல் – திருப்பித் தருவதாகப் பெற்றது

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கருவிகளுக்கு முகவரி வழங்கும் பணியின் பெயர் ______.
2. பழைய ரவுட்டரின் முகவரி ______ என்று மாற்றப்பட்டது.
3. வானொலி அலையைத் தடுத்துத் திருப்பிவிடுவது ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நீண்ட வடம் இழுக்கும் வழி ஏன் நீக்கப்பட்டது?
2. ரிப்பீட்டர் முறையில் வேகம் குறைவது ஏன்?
3. பொருந்திய மின் இணைப்பியையும் அப்பா ஏன் பயன்படுத்தவில்லை?

இ. விரிவாக விடை எழுதுக.

1. முதல் முயற்சியில் நாளிதழ் திறக்காததற்கான காரணத்தைத் தாத்தாவின் கதவு எண் உவமையுடன் விளக்குக.
2. பழைய ரவுட்டரை வைஃபை வாங்கியாக மாற்றும் படிநிலைகளை வரிசையாக எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி: எடுத்துக்காட்டைப் போல மாற்றுக.

எ.கா. அக்கா முகவரியை மாற்றினாள். – அக்காவால் முகவரி மாற்றப்பட்டது.
1. அப்பா மின் இணைப்பியைச் சோதித்தார்.
2. நான் ரவுட்டரைப் பலகையில் வைத்தேன்.

உ. செயல்பாடு

உங்கள் வீட்டில் பயன்படாமல் இருக்கும் மின்னணுக் கருவிகளைப் பெரியவர்களின் துணையுடன் பட்டியலிடுக. அவற்றுள் மீண்டும் பயன்படுத்தத்தக்கவை எவை, மறுசுழற்சிக்கு உரியவை எவை எனப் பிரித்து, காரணத்துடன் வகுப்பில் தமிழில் பேசுக.